வெளிநாட்டுல பாஸ்போர்ட் டேமேஜ் ஆயிட்டா: அப்படியே பறக்கிறதா, ஒன்-வே பேப்பரா, எமர்ஜென்சி பாஸ்போர்ட்டா, முழுசா புதுசா?

சானிடைசர் பாட்டிலோட மூடியை சரியா மூடலை, நடந்தது அவ்வளவுதான். இடுப்புப் பையில அதுவும் பாஸ்போர்ட்டும் ஒண்ணா கிடந்திருக்கு, மூணு மணி நேர பஸ் பயணம் முடிஞ்சு ரூமுக்கு வந்து திறந்து பாத்தா ஃபோட்டோ இருக்கிற பக்கத்தோட ஓரத்துல லேமினேஷன் ஒரு விரல் அகலத்துக்குத் தூக்கிக்கிட்டு நிக்குது, அடியில ரெண்டு வரி எழுத்து இருக்குமே, அதுல கீழ் வரி பாதிக்கு மேல சாம்பலா கரைஞ்சு இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. மூணு நாட்டு ட்ரிப், நாங்க அப்ப முதல் நாட்டுலயே இருந்தோம். அக்கா உடனே "டேய், ஹேர் ட்ரையர் இருக்கு, போட்டு காய வெச்சிரலாமா"ன்னு கேட்டா. வேணாம்க்கான்னு பிடுங்கி வெச்சேன், அன்னைக்கு நான் பண்ண ஒரே புத்திசாலித்தனம் அதுதான். சூடு பட்டா லேமினேஷன் இன்னும் சுருண்டுக்கும், மத்த பக்கமும் அலை அலையா வளைஞ்சிடும். பக்கத்துக்குப் பக்கம் டிஷ்யூ வெச்சு, மேல கனமா ஏதாவது வெச்சு, ஃபேன் காத்துல ராத்திரி முழுக்க விட்டுடணும். யாரோ மைக்ரோவேவ்ல வெச்சு காய வெச்சதா கேள்விப்பட்டிருக்கேன், சிப் இருக்கிற பாஸ்போர்ட்டை அப்படிப் பண்ணா சிப்புக்கு அன்னைக்கே காரியம்தான்.

சரி, காஞ்சாச்சு, இப்ப என்ன பண்றதுன்னு உக்காந்தப்ப எங்க முன்னாடி நாலு வழி இருந்துச்சு. நான் அதுல மோசமானதை முதல்ல எடுத்து, காசையும் ரெண்டு நாளையும் விட்டுட்டு அப்புறம்தான் மத்ததைப் பாத்தேன். அந்த வரிசையிலேயே சொல்றேன்.

அதுக்கு முன்னாடி, இது டேமேஜா இல்ல வெறும் பழசா

பாதி பேர் இங்கயே தேவையில்லாம பயந்துடுறாங்க. பின் பாக்கெட்ல வெச்சு வளைஞ்சது, அடிக்கடி புரட்டி பக்கமெல்லாம் விசிறி மாதிரி விரிஞ்சது, இதெல்லாம் சாதாரண தேய்மானம்னு அமெரிக்க வெளியுறவுத் துறையே சொல்லிடுது. டேமேஜ்னு அவங்க எதைச் சொல்றாங்கன்னா தண்ணி பட்ட கறை, பெரிய கிழிசல், டேட்டா பேஜ்ல, அதாவது ஃபோட்டோவும் விவரமும் இருக்கிற பக்கத்துல, யாராவது கிறுக்கினது, விசா பக்கம் காணாம போனது, பஞ்சிங் மெஷின்ல ஓட்டை போட்டது, இந்த மாதிரி. மத்த நாடுகளும் வார்த்தையை மாத்தி கிட்டத்தட்ட இதையேதான் சொல்லும். இதுல பக்கம் காணாம போறதை நம்ம ஆளுங்க ரொம்ப லேசா எடுத்துக்கிறாங்க, வெத்துப் பக்கம்தானே, அதுல ஒண்ணுமே இல்லையேன்னு. பக்கத்துக்கெல்லாம் நம்பர் இருக்கு, ஒண்ணு இல்லன்னா அந்தப் பக்கத்துல இருந்த ஸ்டாம்பை மறைக்கத்தான் கிழிச்சீங்கன்னு ஆபீசர் நினைச்சா அவர் மேல தப்பு சொல்ல முடியாது. சுற்றுலா இடங்கள்ல ஆசையா குத்திக்கிற நினைவு ஸ்டாம்பும் இதே ரகம்தான், அரசாங்கம் போடாத எந்த முத்திரையும் அந்தப் புத்தகத்துல இருக்கக் கூடாது.

டேட்டா பேஜுக்கு வந்தா கதையே வேற. அடியில இருக்கிற அந்த ரெண்டு வரி, வரிக்கு 44 எழுத்து, உலகம் முழுக்க ஒரே அளவு, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐகாவோ, 9303-ன்னு நம்பர் போட்ட ஆவணத்துல வகுத்து வெச்சது. மேல் வரியில நாடும் பேரும். கீழ் வரியிலதான் உயிரே இருக்கு: பாஸ்போர்ட் நம்பர், குடியுரிமை, பிறந்த தேதி, காலாவதி தேதி, நடுநடுவுல செக் டிஜிட்னு ஒத்தை இலக்கங்கள். ஒவ்வொரு எழுத்தையும் எண்ணா எடுத்துக்கிட்டு 7, 3, 1-னு மாத்தி மாத்திப் பெருக்கிக் கூட்டி 10-ஆல வகுத்தா வர்ற மீதிதான் அந்த இலக்கம், அதுல ஒரு எழுத்தை மெஷின் தப்பா படிச்சாலும் பெரும்பாலும் கணக்கு இடிக்கும், சிவப்பு லைட் எரியும். இன்னொரு சிக்கலும் உண்டு, சிப்பைத் திறக்கிற சாவியே அந்தக் கீழ் வரியில இருக்கிற நம்பர், பிறந்த தேதி, காலாவதி தேதி மூணையும் வெச்சுதான் உருவாகுது. அதனால சிப் நல்லா இருந்தாலும் வரி அழிஞ்சிருந்தா மெஷினால சிப்பைத் தொட முடியாது, யாராவது உக்காந்து கையால டைப் பண்ணணும்.

தலைகீழா, வரியெல்லாம் பளிச்சுன்னு இருந்து சிப் மட்டும் செத்துப் போயிருந்தா அவ்வளவு பயப்பட வேண்டாம். சிப் வேலை செய்யலைன்னாலும் காலாவதி தேதி வரைக்கும் பாஸ்போர்ட் செல்லும்னு அமெரிக்கா சொல்லுது. ஆட்டோமேட்டிக் கேட்ல போக முடியாது, ஆள் இருக்கிற க்யூவுல நிக்கணும், அவ்வளவுதான்.

வழி 1: கண்டுக்காம அப்படியே பறக்கிறது

நான் எடுத்தது இதைத்தான். என் கணக்கு என்னன்னா, ஃபோட்டோ தெரியுது, பேரு தெரியுது, நம்பர் மேலயும் தனியா அச்சடிச்சிருக்கு, இமிக்ரேஷன்ல கேட்டா பொறுமையா விளக்கிக்கலாம். இதுல ஓட்டை எங்கன்னா, நான் இமிக்ரேஷன் ஆபீசரை மனசுல வெச்சு ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்தேன், ஆனா அவர் வரைக்கும் போறதுக்கு முன்னாடி செக்-இன் கவுண்டர்னு ஒண்ணு இருக்கு.

ரெண்டாவது நாட்டுக்கு ராத்திரி ஃப்ளைட். கவுண்டர்ல இருந்த பொண்ணு பாஸ்போர்ட்டை ரீடர்ல மூணு தடவை தேய்ச்சா, மூணு தடவையும் எடுக்கலை, சூப்பர்வைசரைக் கூப்பிட்டா. அவர் ஒண்ணுமே கேக்கலை, டேட்டா பேஜை வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு, தூக்கிக்கிட்டு இருந்த லேமினேஷன் ஓரத்துல கட்டைவிரல் நகத்தை மெதுவா ஓட்டிப் பாத்தார். நகம் உள்ள போச்சு. அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஃபோட்டோ மாத்துறவன் கை வைக்கிற இடமே அதுதானாம், நகம் உள்ள போனா அது கறை கணக்குல வராது, யாரோ திறந்து பாத்த கணக்குல வரும்.

அவங்க பக்கத்து நியாயமும் இருக்கு. ஒரு பயணியை இறங்குற நாடு உள்ள விடலைன்னா அவரைத் திருப்பிக் கொண்டு போற பொறுப்பு விமான கம்பெனி தலையில விழும், நிறைய நாடுகள் அபராதமும் போடும். பயணிகிட்ட சரியான ஆவணம் இருக்கான்னு ஏத்துறதுக்கு முன்னாடியே பாத்துக்கணும்னு ஐகாவோவோட 9-ஆம் இணைப்புல விதியே இருக்கு. அதனால கவுண்டர்ல இருக்கிறவங்களுக்கு சந்தேகம்னு வந்துட்டா ஏத்தாம விடுறதுதான் அவங்களுக்கு சேஃப். கால் சென்டர்ல ஒருத்தர் "பரவாயில்ல சார், போகலாம்"னு சொன்னதை நான் அங்க ஒப்பிச்சேன், யாரும் காதுலயே வாங்கலை. புத்தகத்தைக் கையில பிடிச்சுப் பாக்கிறவர் சொல்றதுதான் அங்க செல்லும்.

சில நாடுகள் இதுல கூடுதலா கறார். இந்தோனேசியாவுக்குப் போறவங்களுக்கு ஆஸ்திரேலிய அரசோட பயண ஆலோசனையிலேயே டேமேஜ் ஆன பாஸ்போர்ட் பத்தி தனியா எச்சரிக்கை இருக்கு, கொஞ்சம் கிழிசல்னாலும் திருப்பி அனுப்பிடுவாங்கங்கிற அளவுக்கு.

அப்போ இந்த வழி யாருக்குமே ஆகாதான்னா, ஆகும். அட்டை மட்டும் நனைஞ்சிருக்கு, ஓரம் மடங்கியிருக்கு, டேட்டா பேஜ் சுத்தமா இருக்கு, மெஷின் படிக்குது, பாக்கி இருக்கிறது நேரா சொந்த நாட்டுக்குப் போற ஒரே ஒரு ஃப்ளைட், இப்படின்னா நான் இதையே எடுப்பேன். சொந்த நாட்டுக்குள்ள நுழையிற உரிமையை யார்கிட்ட இருந்தும் காரணமில்லாம பறிக்கக் கூடாதுன்னு 1966-ல வந்த சர்வதேச குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையிலேயே இருக்கு, அதனால ஊர்ல இறங்கினா கேள்வி கேப்பாங்க, ஓரமா உக்கார வைப்பாங்க, கடைசியில விட்டுடுவாங்க. ஆனா இறங்கணும்னா முதல்ல ஏறணும். அதுக்கு முந்தின நாளே ஏர்போர்ட்டுக்குப் போய் அந்த கம்பெனி கவுண்டர்ல நேர்ல காட்டி, ரீடர்ல தேய்ச்சுப் பாக்கச் சொல்லிக் கேட்டுக்கிறது நல்லது, ஃப்ளைட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி தெரியிறதை விட ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சா டிக்கெட்டையாவது மாத்திக்கலாம்.

வழி 2: வீட்டுக்குப் போக மட்டும் ஒரு பேப்பர்

தன் நாட்டு மக்களுக்கு பாஸ்போர்ட்டும் பயண ஆவணமும் கொடுக்கிறது தூதரகத்தோட வேலைன்னு 1963-ல போட்ட வியன்னா தூதரக உறவு ஒப்பந்தம் 5-ஆவது பிரிவுலயே சொல்லுது. ஆனா எந்த ஆவணம், எத்தனை நாளைக்கு, எத்தனை நாட்டுக்குங்கிறதெல்லாம் அந்தந்த நாடு வெச்சுக்கிறதுதான், அதனால ஃப்ரெண்டுக்குக் கிடைச்சது உங்களுக்கும் கிடைக்கும்னு நினைக்காதீங்க, அவர் பாஸ்போர்ட் வேற நாடா இருந்தா கதையும் வேற.

இந்தியா கொடுக்கிறது எமர்ஜென்சி சர்டிஃபிகேட், இந்தியாவுக்குத் திரும்பிப் போக மட்டும், ஒரே பயணம். மலேசியாவுல சிஜில் பெராகுவான் செமாஸ், அதுவும் ஊருக்குத் திரும்ப மட்டும்தான். சிங்கப்பூர் தூதரகங்கள் டாக்குமென்ட் ஆஃப் ஐடென்டிட்டின்னு கொடுக்கும், நோக்கம் அதேதான். பிரிட்டனோட எமர்ஜென்சி டிராவல் டாக்குமென்ட் கொஞ்சம் தாராளம், வழியில 5 நாடு வரைக்கும் எழுதித் தருவாங்க, ஆனா எந்தெந்த நாடு, என்னைக்குன்னு பயணத் திட்டத்தைக் காட்டித்தான் வாங்கணும், நடுவுல ஃப்ளைட் மாறி வேற நாடு வழியா போக வேண்டி வந்தா சிக்கல். ஐரோப்பிய யூனியன்காரங்களுக்கு இன்னொரு வசதி, தன் நாட்டு எம்பசி இல்லாத இடத்துல மாட்டிக்கிட்டா யூனியன்ல இருக்கிற வேற எந்த நாட்டு எம்பசிக்குள்ளயும் நுழைஞ்சு பொதுவான அவசர ஆவணம் கேக்கலாம்.

இந்த வழியில பெரிய ப்ளஸ் வேகம். பேப்பரெல்லாம் கையில இருந்தா ஒண்ணு ரெண்டு வேலை நாள்லயே முடிய வாய்ப்பிருக்கு. "வேலை நாள்"ங்கிறதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா எம்பசி தன் நாட்டு லீவுக்கும் மூடும், இருக்கிற நாட்டு லீவுக்கும் மூடும், ரெண்டும் அடுத்தடுத்து வந்து நடுவுல சனி ஞாயிறும் மாட்டிக்கிட்டா அஞ்சு நாள் போயிடும். நிஜமான அவசரம்னா ஆபீஸ் நேரம் தாண்டி கூப்பிட நிறைய எம்பசிகள் ஒரு டியூட்டி நம்பர் வெச்சிருக்கும், அது வெப்சைட்லயே கிடக்கும். இன்னொண்ணு, பக்கத்து ஊர்லயே கான்சுலேட் போர்டு இருக்குன்னு சந்தோஷப்பட்டு ஓடாதீங்க, அது கௌரவ கான்சல் ஆபீஸா இருந்தா பெரும்பாலும் அங்கயே ஆவணம் அச்சடிக்கிற அதிகாரம் இருக்காது, ஃபார்மை வாங்கி பெரிய ஆபீஸுக்கு அனுப்புறதோட சரி. முதல்ல போன் போட்டுக் கேட்டுட்டு கிளம்புங்க.

மைனஸ் என்னன்னா ட்ரிப் அங்கயே முடிஞ்சுது. அதோட இது புத்தகமாக்கூட இருக்காது, சில நாடுகள்ல ஃபோட்டோ ஒட்டின ஒரு தாள்தான், அதை எடுத்துக்கிட்டு மூணாவது நாட்டு ஏர்போர்ட்ல டிரான்சிட் மாறுறது ரிஸ்க். டெர்மினலை விட்டு வெளிய வராம மாறினாலும் அந்த நாடு இந்த ஆவணத்தை ஒத்துக்கணும். காசு கொஞ்சம் கூடப் போனாலும் டைரக்ட் ஃப்ளைட் இருந்தா அதையே பிடிங்க.

வழி 3: எமர்ஜென்சி பாஸ்போர்ட், குறைஞ்ச ஆயுசோட

இது எல்லா நாடும் கொடுக்கிறது கிடையாது. பாக்க அசல் பாஸ்போர்ட் மாதிரியே புத்தகமா இருக்கும், காலம் மட்டும் கம்மி. அமெரிக்கா கொடுக்கிறது அதிகபட்சம் ஒரு வருஷம் வரைக்கும் செல்லும். ட்ரிப்பைத் தொடரணும்னு ஆசைப்படுறவங்களுக்கு முதல் பார்வையில சொர்க்கம் மாதிரி தெரியும், நானும் எங்க நாட்டுல இது கிடைக்குமான்னு தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கலை.

ஆனா கிடைக்கிறவங்களும் ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு சிப். அவசரத்துக்கு அச்சடிக்கிற நிறைய பாஸ்போர்ட்ல சிப் இருக்காது. சிப் இல்லாத பாஸ்போர்ட்டை வெச்சு விசா இல்லாம அமெரிக்காவுக்குள்ள போற திட்டத்துல, அதாங்க எஸ்டா போட்டுப் போறது, அதுல 2016 ஏப்ரல்ல இருந்து சேத்துக்கிறது இல்ல. அங்க இறங்கி டிரான்சிட் மாறுறதா இருந்தாலும் இதே கதைதான், முறையா விசா வாங்கணும். ரெண்டாவது, ஆயுசு. நிறைய நாடுகள் உள்ள வர்ற நாள்ல இருந்து 6 மாசம் செல்லணும்னு கேக்கும், ஷெங்கன் நாடுகள் வெளிய போற நாளுக்கு அப்புறம் 3 மாசம் கேக்கும். கையில இருக்கிற எமர்ஜென்சி பாஸ்போர்ட் அதுக்குள்ள முடிஞ்சிட்டா அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதையெல்லாம் கவுண்டர்ல இருக்கிறவங்க எங்க பாத்துச் சொல்றாங்கன்னா டைமேட்டிக்னு ஒரு டேட்டாபேஸ், விமான கம்பெனிகளோட சர்வதேச சங்கமான ஐயாட்டா நடத்துறது, எந்த நாட்டு ஆளு எந்த வகை ஆவணத்தோட எங்க போறார்னு போட்டா என்ன தேவைன்னு சொல்லும். ஐயாட்டா வெப்சைட்ல பயணிகளும் பாத்துக்கலாம். அங்க ஆவண வகைன்னு கேக்கிற இடத்துல சாதாரண பாஸ்போர்ட்டுன்னு போட்டுட்டு நிம்மதியாகிடாதீங்க, உங்ககிட்ட வரப்போறது எதுவோ அதைப் போட்டுப் பாருங்க, பதில் வேற மாதிரி வரும்.

வழி 4: உக்காந்து முழு பாஸ்போர்ட்டே வாங்கிடுறது

வேலைக்கோ படிக்கவோ அந்த நாட்டுலயே இருக்கிறவங்களுக்கு யோசனையே வேண்டாம், இதுதான். அவங்களுக்கு வீடு இருக்கு, தங்குற அனுமதி இருக்கு, ரெண்டு மூணு வாரம் காத்திருந்தா ஒண்ணும் குடி முழுகாது.

டூரிஸ்டா போனவங்களுக்கு இதுல ஒரு பொறி இருக்கு. நிறைய நாடுகள் பாஸ்போர்ட்டை எம்பசியில அச்சடிக்கிறது இல்ல, அப்ளிகேஷன் மட்டும் அங்க வாங்கி தன் நாட்டுல அச்சடிச்சு அனுப்பும், அமெரிக்காவும் பிரிட்டனும் அப்படித்தான். அதுக்குள்ள உங்க டூரிஸ்ட் விசா முடியுதுன்னு வைங்க, நீட்டிக்கணும்னா பாஸ்போர்ட் கேப்பாங்க, பாஸ்போர்ட் எம்பசியில கிடக்கும். அதனால அப்ளிகேஷன் கொடுக்கிற இடத்துலயே முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, புதுசு வர்ற வரைக்கும் பழசை நான் வெச்சுக்கலாமா, இல்ல நீங்க வாங்கி வெச்சுக்குவீங்களான்னுதான். வாங்கி வெச்சுக்கிட்டா ஹோட்டல்ல ரூம் மாத்தக்கூட ஐடி இருக்காது, குறைஞ்சது அவங்க சீல் போட்ட ஒரு ரசீதாவது கையில இருக்கணும்.

ப்ளஸ்னு பாத்தா இது முடிஞ்சா முடிஞ்சது, ஊருக்குப் போய் மறுபடி அலைய வேண்டாம், 6 மாச கணக்கு, சிப் கணக்கு எதுவும் இடிக்காது. ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு ஒரு மாசத்துக்கு மேல இருக்கு, தங்க இடம் இருக்குன்னா மட்டும் டூரிஸ்டுக்கு இதைச் சொல்வேன்.

ஒருத்தர் சொல்லிக் கொடுத்த அஞ்சாவது வழி

ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில்ல இருந்தவர் ரொம்ப அக்கறையா சொன்னார், டேமேஜ்னு சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க, தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல ஒரு ரிப்போர்ட் எழுதி வாங்கிடுங்க, வேலை சுலபம்னு. தயவுசெஞ்சு இதைப் பண்ணாதீங்க. போலீஸ்ல பொய் புகார்ங்கிறது ஒரு பக்கம். தொலைஞ்சதுன்னு உங்க நாடு பதிஞ்சா அந்த நம்பர் இன்டர்போல் 2002-ல இருந்து நடத்துற திருட்டு, தொலைஞ்ச பயண ஆவண டேட்டாபேஸுக்குப் போகும், அதுக்கப்புறம் அந்தப் புத்தகத்தை எந்த பார்டர்ல நீட்டினாலும் திருட்டு ஆவணம்னு மணி அடிக்க வாய்ப்பிருக்கு, அய்யோ கிடைச்சிடுச்சுன்னு சொன்னாலும் எடுபடாது. அதோட உள்ள ஒட்டியிருக்கிற நல்ல விசா எல்லாம் அதோட போச்சு. பையிலயே இருக்கிற பாஸ்போர்ட்டைத் தொலைஞ்சதுன்னு சொல்லி நாமளே நமக்கு ஆப்பு வெச்சுக்கிறோம். டேமேஜ் ஆனதுல இருக்கிற ஒரே நல்ல விஷயமே புத்தகம் கையில இருக்கிறதுதான், நீங்க யாருன்னு அதுவே பாதி நிரூபிச்சிடும்.

விசா, ஸ்டாம்ப், எல்லாரும் மறக்கிற சமாச்சாரம்

எம்பசியில எந்த ஆவணம் வாங்கினாலும் பழைய பாஸ்போர்ட்டை பெரும்பாலும் ரத்து பண்ணுவாங்க, மூலையை வெட்டுவாங்க இல்ல ஓட்டை போடுவாங்க. அதுக்கு முன்னாடி எல்லாப் பக்கத்தையும் போன்ல ஃபோட்டோ எடுத்துடுங்க, வெத்துப் பக்கத்தையும் சேத்து. திருப்பிக் கொடுங்கன்னு வாய் விட்டுக் கேளுங்க. உதாரணத்துக்கு அமெரிக்க விசா பழைய பாஸ்போர்ட்ல இருந்தா, விசா ஒட்டின பக்கம் சேதமாகாம இருக்கிற வரைக்கும் புதுசையும் பழசையும் சேத்துக் கொண்டு போய் பயன்படுத்தலாம், விசாவே கரைஞ்சிருந்தா மறுபடி அப்ளை பண்ணணும். ஆன்லைன்ல வாங்கின அனுமதிகள் வேற மாதிரி, எஸ்டா, ஆஸ்திரேலியாவோட ஈ.டி.ஏ எல்லாம் பாஸ்போர்ட் நம்பரோட கட்டிப் போட்டது, நம்பர் மாறினா புதுசா போடணும். டிக்கெட் புக்கிங்லயும் நம்பரை மாத்தணும், இதை மறந்துட்டு ஆன்லைன் செக்-இன் ஏன் ஆகலைன்னு முழிக்கிறவங்க நிறைய.

அப்புறம் நீங்க நாட்டுக்குள்ள வந்த ஸ்டாம்ப் பழைய புத்தகத்துலதான் இருக்கு. புது ஆவணத்தை நீட்டினா வெளிய போற இடத்துல "நீங்க உள்ளயே வரலையே"ங்கிற மாதிரி பாப்பாங்க. சில நாட்டுல பழசையும் சேத்துக் காட்டினா போதும், தாய்லாந்துல இமிக்ரேஷன் ஆபீஸ்ல போய் ஸ்டாம்பைப் புதுசுக்கு மாத்திக்கலாம், இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுக்காரங்க புது ஆவணம் வாங்கின பிறகு வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துல விண்ணப்பிச்சு வெளிய போற அனுமதி வாங்க வேண்டி வரும், சீனாவுலயும் போலீஸோட இமிக்ரேஷன் பிரிவுல இதே மாதிரி ஒரு வேலை இருக்கு. எம்பசி ஒரே நாள்ல பேப்பர் கொடுத்துட்டாங்கன்னு அன்னைக்கு ராத்திரிக்கே டிக்கெட் போட்டுட்டு, இங்க ரெண்டு நாள் மாட்டிக்கிறது இதனாலதான். எம்பசி கவுண்டர்லயே "வெளிய போக தனி அனுமதி வேணுமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு டிக்கெட் போடுங்க.

இன்னைக்கு நான் எப்படி முடிவு பண்ணுவேன்

பாக்கி எத்தனை பார்டர்னு விரல் விட்டு எண்ணுவேன், முதல் கேள்வியே அதுதான், எது சீக்கிரம் கிடைக்கும்ங்கிறது அப்புறம். டிரான்சிட்டையும் ஒரு பார்டராத்தான் எண்ணணும். பாக்கி ஒண்ணுதான், அதுவும் சொந்த நாடுன்னா, டேட்டா பேஜ் நல்லா இருந்தா அப்படியே, கெட்டிருந்தா ஒன்-வே பேப்பர். ரெண்டு மூணு பார்டர் இருந்தா, எமர்ஜென்சி பாஸ்போர்ட் கொடுக்கிற நாட்டுக்காரரா இருந்து அடுத்த நாடுகள் அதை ஒத்துக்கிட்டா அது, இல்லன்னா மனசைக் கல்லாக்கிக்கிட்டு ட்ரிப்பை வெட்டிட்டு வீட்டுக்கு. கெட்டுப்போன டேட்டா பேஜை வெச்சுக்கிட்டு ரெண்டு பார்டர் தாண்டுறேங்கிறது சூதாட்டம், முதல்ல தாண்டிட்டு ரெண்டாவதுல மாட்டினா உங்க எம்பசியே இல்லாத ஊரா அது இருக்கவும் வாய்ப்பிருக்கு. குழந்தை பாஸ்போர்ட்னா இன்னொரு நாளைக் கூடுதலா கணக்குல வைங்க, அம்மா அப்பா ரெண்டு பேர் சம்மதமும் கேக்கிற நாடுகள்தான் அதிகம், ஒருத்தர் ஊர்ல இருந்தா கையெழுத்து வாங்கி அனுப்பவே நேரம் ஆகும்.

எம்பசிக்குப் போறப்ப டேமேஜ் ஆன புத்தகம், அதோட பழைய ஜெராக்ஸ் அல்லது ஸ்கேன், வேற ஏதாவது அரசாங்க ஐடி, அவங்க நாட்டு அளவுல எடுத்த ஃபோட்டோ, ரிட்டர்ன் டிக்கெட், அப்புறம் எப்படி டேமேஜ் ஆச்சுன்னு கைப்பட எழுதி கையெழுத்துப் போட்ட ஒரு லெட்டர். அந்த லெட்டர்ல கதை ஜோடிக்க வேண்டாம், நான் நாலே வரி எழுதினேன், சானிடைசர் கொட்டிடுச்சுன்னு. கவுண்டர்ல இருந்தவர் மோந்து பாத்துட்டு சிரிச்சார். இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்றதா இருந்தா பாலிசியில தொலைஞ்சா, திருடு போனா மட்டும்தானா, டேமேஜும் உண்டான்னு வார்த்தையைத் தேடிப் பாத்துட்டு ரசீதெல்லாம் எடுத்து வைங்க, என்னோடதுல முதல் ரெண்டு மட்டும்தான் இருந்துச்சு.

எனக்கு மூணாவது நாள் மதியம் ஒன்-வே பேப்பர் கிடைச்சுது. அக்காவோட பாஸ்போர்ட்டுக்கு ஒண்ணும் ஆகலை, அவ என்னை ஏர்போர்ட்ல விட்டுட்டு "போடா, நான் பாத்துட்டு வந்து சொல்றேன்"னு மத்த ரெண்டு நாட்டையும் தனியாவே முடிச்சுட்டு வந்தா. ஊர்ல இறங்கினப்ப என்னை ஓரமா உக்கார வெச்சு முக்கால் மணி நேரம் விசாரிச்சு, அந்தப் பேப்பரை அவங்களே வாங்கி வெச்சுக்கிட்டாங்க, மூலை வெட்டின பழைய புத்தகம் மட்டும் என்கிட்ட. அதை வெச்சுதான் புதுசுக்கு அப்ளை பண்ணேன், ஃபார்ம்ல காரணம்ங்கிற கட்டத்துல மறுபடியும் அதே நாலு வரி.